கால் என்று தட்டினால்

ஜூலை 12, சனி

ஜெபக்கனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளுடைய செருப்புக் கடையின் இணையப் பக்கத்தைச் சீர்செய்து தருவது என் பொறுப்பு.

சமாதானபுரத்தில் மாவு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறைப் பட்டறை அவளுடையது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் நோயாளிகளுக்குச் செருப்புத் தைத்தவள். அந்தப் பிரிவை மூடிவிட்டதால் தனியாகத் தைக்கிறாள். எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது. எனக்கும் போன வருடம் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். அன்று கடையைக் கண்டுபிடிக்க மூன்று தெரு சுற்றினேன். கேட்டவர்கள் எல்லாரும் என்னை ஒரு பள்ளிச் செருப்புக் கடைக்கே அனுப்பினார்கள்.

இன்று கூகிளில் தேடிப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் இருக்கிறாள். அவள் அக்காள் மகன் எப்போதோ செய்து கொடுத்த பக்கம். ஒரு ரோஜாப் பூ. கீழே "ஜெபா காலணியகம். தரமே எங்கள் தாரக மந்திரம்." ஊர் இல்லை, சர்க்கரை இல்லை, கால் என்ற சொல்கூட இல்லை. முப்பத்து மூன்று வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஊர்ப் பெயர் குறிக்காத வரைபடத்தை எந்தப் பிள்ளை நீட்டினாலும் மதிப்பெண் போட்டதில்லை.

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். "தென்காசி, தென்காசி" என்று கண்டக்டர் கத்துவதால்தான் தென்காசிக்குப் போகிறவர் ஏறுகிறார். "தரமான பஸ், தரமான பஸ்" என்று கத்தினால் யார் ஏறுவார்கள்? கீவேர்டு என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். போகிறவர் மனதில் இருக்கும் ஊரை நாம் வாயால் சொல்வது.

இடது சுண்டுவிரலில் ஒரு சிராய்ப்பு. செவ்வாய்க்கிழமை தேரோட்டத்துக்கு வெறுங்காலோடு ரத வீதி சுற்றியதில் கல் ஏதாவது குத்தியிருக்கும். வலி இல்லை. மஞ்சள் வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மங்கை ஓசூரிலிருந்து வீடியோவில் வந்தாள்.

"எம்மா, சுகர் எவ்ளோ?"

"நூத்தி நாப்பது."

"நெசமாவா?"

"ஆமாட்டி. மீட்டரை எடுத்துட்டு வரவா?"

வேண்டாம் என்றாள். நல்லவேளை. மீட்டருக்கு பேட்டரி வாங்க வேண்டும்.

போன டிசம்பரில் நான் மயங்கி விழுந்தபோது அவள் போட்ட நிபந்தனை இன்னும் அமலில் இருக்கிறது. இன்னொரு தடவை ஏதாவது ஒன்று என்றால் பேச்சே கிடையாது, வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூர். நல்ல பெண், நல்ல மருமகன். ஆனால் அவர்களுடைய ஐந்தாம் மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இன்னொரு ஐந்தாம் மாடி ஜன்னல்தான் தெரிகிறது. அங்கே ஒரு வாரம் இருந்தாலே நான் விருந்தாளி மாதிரி மடித்து வைத்த துண்டை எடுத்துத் துடைத்து, மறுபடி மடித்து வைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

பக்கத்தை எழுதி முடித்தேன். "சர்க்கரை நோய் செருப்பு" என்ற தொடர் நாற்பத்தோரு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். பெருமையோடு கொண்டு போய்க் காட்டினேன். ஜெபக்கனி தைப்பதை நிறுத்திவிட்டு வாசித்தாள்.

"டீச்சர், இத வாசிச்சா எனக்கே சுகர் வந்துரும் போலுக்கே."

"திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் கூகிளுக்குப் புரியும்."

"கூகிளுக்குப் புரியும். வாசிக்கவுக ஓடிப் போயிருவாவ. கல்யாண வீட்டுல மைக் செட்டுக்குப் பக்கத்துல பந்தி போட்ட மாதிரி இருக்கு."

ஜூலை 16, புதன்

அவள் சொன்னது சரி. இணையத்தில் கீவேர்டு பற்றி எழுதியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே சொல்லைக் கொட்டிக் குவித்தால் கூகிள் அதை ஏமாற்று வேலை என்று பின்னால் தள்ளிவிடுமாம். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல இருக்க வேண்டும். தலைப்பில் ஒன்று, முதல் வரியில் ஒன்று, படத்தின் பெயரில் ஒன்று. மற்ற இடமெல்லாம் இழை ஓட வேண்டும். புள்ளி மேலேயே புள்ளி வைத்தால் மாவுக் குவியல்தான் மிச்சம்.

நாற்பத்தொன்றை ஐந்தாக்கினேன். ரோஜாவை எடுத்துவிட்டுச் செருப்பின் படத்தைப் போட்டேன். பாளையங்கோட்டை, சமாதானபுரம், மாவு மில்லுக்குப் பின்னால் என்று எழுதினேன். ஜெபக்கனி எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை வருடம் வேலை பார்த்தாள் என்பதையும் சேர்த்தேன். இவ்வளவு நாள் அது எங்குமே இல்லை.

துணி துவைத்தேன். கொடியில் காயும்போது ஒரு சாக்ஸில் மட்டும் கறை போகவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. சரியான காற்று. மத்தியானம் கரண்ட் இல்லை. போனில் சும்மா ஒன்றிரண்டு விஷயம் தேடிப் பார்த்தேன். வேலை விஷயமாகத்தான். ஒருவர் வேப்பிலை நல்லது என்கிறார். இன்னொருவர் என்னென்னவோ சொல்கிறார். அந்த இரண்டாவது ஆளின் பக்கத்தை மூடிவிட்டேன். வேறு மாதிரி தட்டிப் பார்த்தால் வேறு மாதிரி பதில் வருகிறது.

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்து ஒரு மணி வரை ஜெபக்கனியின் கடை பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று அப்படியே எழுதுவது என் திட்டம். ஏழு பேர் வந்தார்கள். "சுகர் செருப்பு" என்று நான்கு பேர் கேட்டார்கள். "டாக்டர் செருப்பு" இரண்டு. பெருமாள்புரத்துப் பால்காரர் ஒருவர், "மெத்து மெத்துன்னு ஒன்னு உண்டாமே, அது" என்றார். "காலணி" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பால்காரர் போனதும் ஜெபக்கனி என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், ஒரு வருசம் ஆச்சு. உங்க செருப்பு அடி தேஞ்சிருக்கும். காலைக் குடுங்க, அளவெடுக்கேன்."

"இன்னொரு நாள் பாப்போம்."

"செருப்புக் கடையில உக்காந்துக்கிட்டு இன்னொரு நாளா? அது சரி, இதென்ன டீச்சர், சேலைக்கு சாக்ஸு?"

"ஆடிக் காத்து. கால் கூசுது."

"கூசுதா?" என்றாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "கூசுனா நல்லதுதான்."

கூசவில்லை. ஆனால் பேச்சை வளர்ப்பானேன்.

ஜூலை 20, ஞாயிறு

கூகிளில் மூன்றாம் பக்கம்! "சுகர் செருப்பு" என்று மாற்றி எழுதியதன் பலன்.

மங்கையிடம் வீடியோ வேண்டாம், நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். படுத்துக்கொண்டு பேசுவது தெரிந்தால் ஏன் என்று கேட்பாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு அருமையான வழி தெரிந்துகொண்டேன். தேடும் பெட்டியில் ஒரு சொல்லைப் பாதி தட்டி நிறுத்தினால், கீழே ஒரு வரிசை தானாக விழுகிறது. ஜனங்கள் அதிகமாகத் தேடுவது எதுவோ அதுதான் மேலே வருமாம். கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏழு பேரிடம் கேட்டதை, இங்கே உட்கார்ந்தபடி ஏழு லட்சம் பேரிடம் கேட்கலாம். உடனே "கால்" என்று தட்டினேன். மேலே இருந்தவை:

கால் சுண்டுவிரல் புண் வலி இல்லை
கால் புண் பத்து நாள் ஆறவில்லை
கால் விரல் கறுப்பு ஏன்
கால் விரல் எடுக்காமல் குணம்

ஆச்சரியமாக இருந்தது. இத்தனை பேருக்கா இப்படி இருக்கிறது! செருப்பு என்ற பேச்சையே காணோம், எல்லாம் புண்தான். பாவம், வெளியே சொல்ல முடியாமல் போனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாசித்தபோது மனதுக்கு ஒரு ஆறுதலாகவும் இருந்தது. நம்மைப் போல நிறையப் பேர் என்று. அதாவது, அவர்களுக்கு அந்த ஆறுதல் கிடைக்கும்.

நான்கையும் கடைக்கான பட்டியலில் சேர்த்தேன்.

ஜூலை 23, புதன்

தனிப் பக்கம் ஒன்று எழுதி ஏற்றிவிட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் என்பதுதான் முறை. தலைப்பு: "சுண்டுவிரலில் புண், வலி இல்லையா? மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, பாளையங்கோட்டை." முதல் வரியில் "கவலைப்படாதீர்கள்" என்று எழுதினேன். பயந்து தேடி வருகிறவருக்கு முதலில் வேண்டியது அந்தச் சொல்தான்.

ஜூலை 24, வியாழன்

ஜெபக்கனி போனில் பிடித்துக்கொண்டாள். புண் பக்கத்தை உடனே எடுக்க வேண்டுமாம். சனிக்கிழமை நேரில் வருகிறேன், ஆதாரத்தோடு காட்டுகிறேன் என்றேன்.

கட்டு மாற்றினேன். ஊதுபத்தி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். அறையில் ஒரு வாடை.

ஜூலை 26, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குக் கடைக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. ஜெபக்கனி எழுந்திருக்காமலேயே ஆரம்பித்தாள்.

"புண்ணுக்குச் செருப்புன்னு போட்டிருக்கியளே, அத எடுத்துருங்க டீச்சர். புண்ணோட வாரவுகளுக்கு நான் செருப்பு குடுக்குறதில்ல. மொதல்ல டாக்டரு. ஆறின பிறகுதான் நான்."

"நீ என்ன குடுக்கேங்கிறது அப்புறம். ஜனங்க என்ன தேடுதாங்கன்னு மொதல்ல பாரு. அவங்க போற வழியிலதான் நாம போர்டு வைக்கணும்."

"யாரு தேடுதா?"

"ஊரே தேடுது. இங்க பாரு."

வகுப்பில் வரைபடத்தை விரிப்பது போலப் போனை இருவருக்கும் நடுவில் பிடித்தேன். "கால்" என்று தட்டினேன். அந்த நான்கும் வரிசையாக விழுந்தன. ஐந்தாவதாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: "கால் புண் வாடை வந்தால்."

ஜெபக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இதென்ன, ஒவ்வொன்னுக்கும் முன்னால குட்டியா ஒரு கடிகாரம்?"

"அது ஏதோ அலங்காரம்."

அவள் தன் போனை எடுத்தாள். அவள் தட்டுவதில்லை, வாயால்தான் சொல்வாள். "கால்" என்றாள். அவளுக்கு விழுந்த வரிசை வேறு. கால் ஆணி, கால் வீக்கம், கால்பந்து, கால் டாக்ஸி. எதற்கும் கடிகாரம் இல்லை, சின்னச் சின்னப் பூதக்கண்ணாடிகள். ஒன்றுக்கு மட்டும் கடிகாரம் இருந்தது. "கால் பவுன் கம்மல்."

"இது நான் தேடுனது," என்றாள். "போன வாரம், அக்கா பேத்திக்குக் காது குத்துக்கு. இதுக்கு மட்டும் கடிகாரம் நிக்கு."

என் போனைப் பார்த்தாள். மறுபடி தன் போனைப் பார்த்தாள். நான் மாவு மில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர். இதெல்லாம் யாரு தேடுனது?"

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"சாக்ஸைக் கழட்டுங்க."

"ஒன்னுமில்ல ஜெபக்கனி. சிராய்ப்பு."

"கழட்டுதியளா, நான் கழட்டவா?"

கீழே உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். சாக்ஸ் ஒட்டியிருந்தது. செம்பில் தண்ணீர் எடுத்து நனைத்து நனைத்துப் பொறுமையாக உரித்தாள். பார்த்தாள். எழுந்து போய், தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைக் கொண்டுவந்தாள்.

"கண்ணை மூடிக்கோங்க. தொடுதேன். தொட்டதும் சொல்லணும்."

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன்.

"எப்பத் தொடப் போற?" என்றேன்.

"பத்து இடத்துல தொட்டு முடிச்சிட்டேன் டீச்சர்."

கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை போவோம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"கவலைப்படாதீங்கன்னு எழுதியிருந்தியளே. அது யாருக்கு எழுதுனது?"

ஜூலை 27, ஞாயிறு. ஆஸ்பத்திரி

டாக்டரம்மா சின்ன வயது. புண்ணின் ஆழத்தை அளந்தார். எக்ஸ்ரே எடுத்தார். எலும்புக்கு இன்னும் போகவில்லை, ஒரு மயிரிழையில் நிற்கிறது என்றார். கெட்ட சதையையும் நகத்தையும் எடுத்துச் சுத்தம் செய்தார்கள். எனக்கு மரத்துப்போக ஊசி போடவே தேவைப்படவில்லை. அதுதான் நோய் என்றார் டாக்டரம்மா. சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.

"விரல் தப்புமா?" என்று கேட்டேன்.

"பத்து நாள்ல தெரியும். கிருமி பரவுனா பாதத்தையும் சேத்துத்தான் யோசிக்கணும். காலை ஊனக் கூடாது."

மங்கை கிளம்பிவிட்டாள்.

ஜூலை 28, திங்கள்

வந்தாள். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஜெபக்கனி இட்லிப் பாத்திரத்தோடு வந்தாள். மங்கை வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாள்.

புண் பக்கத்தை நேற்றே போனில் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். நான்கு சொற்களும் என் சொற்கள். ஊர் தேடவில்லை, நான்தான் தேடினேன். ஒரு ஆள் நான்கு வேடம் போட்டுக்கொண்டு வந்து நின்றதை நான் நான்கு பேர் என்று எண்ணிவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் காப்பியைக் கண்டுபிடித்தவளுக்கு தன் கையெழுத்து தெரியவில்லை.

"அழிச்சிட்டியளா? எதுக்கு?" என்றாள்.

"நீதான எடுக்கச் சொன்ன?"

"செருப்பு தாரோம்னு சொன்னதத்தான் எடுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரில இருபத்திரண்டு வருசம் பாத்திருக்கேன் டீச்சர். காலு போனவுக எல்லாம் சொல்லுத வார்த்த ஒன்னுதான். 'வலி இல்ல, அதான் வரல.' அத்தன பேரும் வீட்டுல ஒளிச்சு வச்சிருந்தவுகதான். அப்ப போன் இல்ல. இருந்திருந்தா போன்லதான் கேட்டிருப்பாவ. நீங்க அடிச்ச அதே வார்த்தய அடிச்சிருப்பாவ."

இட்லியைப் பிட்டு என் கையில் வைத்தாள்.

"உங்க ஒருத்திக்குத்தான் தோணும்னா நெனைக்கிய?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். விரல் இருக்கிறது. கட்டிலை விட்டு இறங்க அனுமதி இல்லை. மங்கை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலை பார்க்கிறாள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை என் காலை எட்டிப் பார்க்கிறாள். பரீட்சை அறையில் நான் இப்படித்தான் நடந்திருப்பேன்.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானம் சாப்பிட்ட பிறகு மங்கை கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எம்மா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

எதையாவது உதாரணம் சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"சொன்னா ஓசூர்னு சொன்னியே."

அவள் தன் வளையலைத் திருகினாள்.

"அப்ப இது நான் வாங்கிக் குடுத்த புண்ணா?"

"ஏட்டி, அப்படிச் சொல்லாத. நான் கல்லுல ஏறி வாங்கினது."

"கல்லு ஒரு நாளு. மிச்சம் பதினெட்டு நாளு நான்."

இருவரும் அழுதோம், பிறகு காப்பி குடித்தோம். சர்க்கரை இல்லாமல் எனக்கு, சர்க்கரை போட்டு அவளுக்கு. நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். நான் எதையும் மறைக்கக் கூடாது. அவள் எதற்கும் ஓசூர் என்று மிரட்டக் கூடாது. ஆனால் புண் ஆறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது, நான் கிளம்ப வேண்டும். நியாயம்தான். தனியாகக் கிடந்து கால் போவதைவிட ஐந்தாம் மாடி மேல்.

ஆகஸ்ட் 13, புதன்

பக்கத்தை மறுபடி எழுதினேன். மங்கை தட்டினாள், நான் சொன்னேன், ஜெபக்கனி போனில் ஸ்பீக்கரில் இருந்தாள்.

தலைப்பு என்னுடைய அதே சொற்கள்தான்: "கால் சுண்டுவிரலில் புண், வலி இல்லை." ஊர்ப் பெயர்கூடப் போடவில்லை. முதல் வரி என்ன என்பதில் சண்டை. நான் சர்க்கரை நோயில் நரம்பு எப்படி மங்குகிறது என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர், பாடம் அப்புறம்," என்றது போன். "தேடுதவுக கேள்வியோட வாராவ. கேள்விக்குப் பதில மொதல்ல சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் நான் சொல்லை மாற்றி மாற்றித் தட்டியது, ஏதாவது ஒரு சொல்லுக்காவது "ஒன்றுமில்லை" என்று பதில் வராதா என்றுதான். அந்தப் பதிலைக் கொடுக்கிற பக்கத்தில் நின்றேன், கொடுக்காத பக்கத்தை மூடினேன். அப்படிப்பட்டவளை மூடவிடாமல் நிறுத்த வேண்டும். கடைசியில் இப்படி எழுதினோம்:

"வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நானும் உங்களைப் போலத் தேடிக்கொண்டு பதினெட்டு நாள் வீட்டில் இருந்தேன். என் வயது 66. விரல் இன்னும் இருக்கிறது, ஆனால் நகம் போய்விட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்தால், இதை வாசித்து முடித்ததும் ஒருவரிடம் சொல்லுங்கள்."

அதற்குக் கீழேதான் நரம்புப் பாடம், அதுவும் ஆறு வரி. செருப்புக்கு விலை போடவில்லை. "புண் ஆறும் வரை எங்களிடம் செருப்பு கிடையாது" என்று ஜெபக்கனி போடச் சொன்னாள்.

"இப்படி எழுதுன கடைய நான் பாத்ததே இல்ல," என்றாள் மங்கை.

"பாத்துக்கோ," என்றது போன்.

ஆகஸ்ட் 20, புதன்

டாக்டரம்மா: "குறையுது. ஆனா அவசரப்படாதீங்க." சர்க்கரை நூற்று எழுபது. மீட்டரில் பார்த்தது. பேட்டரி மங்கை வாங்கினாள்.

ஆகஸ்ட் 27, புதன்

எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் நம் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று கூகிளே ஒரு அறிக்கை தருகிறது. மங்கை எடுத்துக் காட்டினாள். புண் பக்கத்தை இரண்டு வாரத்தில் நூற்று அறுபத்து மூன்று பேர் திறந்திருக்கிறார்கள். பெரும்பாலான தேடல்களுக்கு முதல் பக்கத்தில் மேலே நிற்கிறோம். நாங்கள் எழுதாத சொற்களையும் தட்டி வந்திருக்கிறார்கள். "புண் வலிக்கல நல்லதா." "கால் மரத்து போச்சு புண் தெரியல." "அப்பா கால் காட்ட மாட்டேங்கிறார்."

அறிக்கையை மூன்று தடவை படித்தேன். ஜெபக்கனி சொன்ன அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாரும் இவர்கள்தான். சுகர் செருப்புப் பக்கம் முதல் பக்கத்தில் நான்காவது என்று மங்கை சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 30, சனி

பக்கத்தில் இப்போது என் எண்ணும் இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். குரல் கணீரென்று இருந்தது.

"செருப்புக் கடையா?"

"ஆமாங்க."

"நீங்கதான அந்த நகம் போன டீச்சரு?"

"நான்தான்."

"எம் பொண்டாட்டி உங்க எழுத்த வாசிச்சிட்டு என்னைய ஆஸ்பத்திரில கொண்டாந்து படுக்கப் போட்டுட்டா. ஒரு செருப்பு வாங்கலாம்னு தேடுனேன் தாயி. ஒரே ஒரு செருப்பு. இப்ப ரெண்டு விரலைச் சுத்தம் பண்ணிட்டு, பத்து நாளு படுன்னுட்டாவ."

"விரல் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு."

"அப்ப நல்லாத் திட்டுங்க," என்றேன். கால் மணி நேரம் திட்டினார். நடுவில் அவர் மனைவி போனை வாங்கி, "நீங்க வைங்க டீச்சர், அவுக அப்படித்தான்," என்றாள். வைப்பதற்கு முன் அவளும் கால் மணி நேரம் பேசினாள்.

செப்டம்பர் 4, வியாழன்

ஜெபக்கனி மூன்று புதுச் செருப்புக்கு அளவெடுத்தாளாம். மூவரும் போன மாதம் புண்ணோடு வந்து, அவள் திருப்பி அனுப்பியவர்கள். ஆறியதும் நேராக அவளிடமே வந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 6, சனி

மங்கை ஆட்டோவைக் கதவருகே நிறுத்தச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் அழுத்தினார். நான் மங்கையைப் பார்த்தேன். மங்கை டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிருச்சு," என்றார். "நடக்கலாம். வெறுங்கால் மட்டும் ஆயுசுக்கும் கிடையாது. மாசம் ஒரு தடவை இங்க வந்து காட்டணும்."

வரும் வழியில் ஆட்டோவைச் சமாதானபுரத்துக்கு விடச் சொன்னோம். ஜெபக்கனி கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் காலை நீட்டினேன். அவள் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நகமில்லாம நல்லாத்தான் இருக்கு, வெட்டுத வேல மிச்சம்," என்றாள்.

சாயங்காலம் மங்கை பெட்டி அடுக்கினாள். அவளுக்கு நாளைக்கு ஓசூர் வழியாகப் போகும் பெங்களூரு ரயில். அடுக்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்தபோதே டிக்கெட் எடுத்துவிட்டாளாம். எனக்கும் சேர்த்து.

"அப்பயே எடுத்துட்டேன்மா. ஒப்பந்தம் போட்ட பிறகும் சொல்லல. மொதல்ல மீறுனது நான்தான்."

திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. மங்கையர்க்கரசி, பெண், 38. சண்முகவடிவு, பெண், 66. யாருடைய பயணத்தை ரத்து செய்ய வேண்டும் என்று அது கேட்டது. மங்கை போனை என்னிடம் நீட்டினாள்.

என் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தை நானே தொட்டேன்.